கார்டு இருந்த இடம்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒயர்களுக்கெல்லாம் நூல் கட்டியிருக்கும். நான் கட்டியது. ஸ்கேன் அறையிலிருந்து வரும் ஒயருக்குச் சிவப்பு நூல், ரத்தப் பரிசோதனை அறையிலிருந்து வருவதற்குப் பச்சை, மருந்துக்கடைக்கு நீலம், சர்வருக்குப் போவதற்கு மஞ்சள். மற்ற இடங்களில் சீட்டு ஒட்டி இங்கிலீஷில் எழுதி வைப்பார்களாம். எனக்கு அந்த எழுத்து வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்து, இருபத்திரண்டு வருடம் விசைத்தறியில் நின்றவன் நான். தறிக்கூடத்தில் கரண்டு வேலையும் பார்ப்பேன் என்பதால், சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில் இந்த ஆஸ்பத்திரி கட்டியபோது எலக்ட்ரீசியனாகச் சேர்த்துக்கொண்டார்கள். கரண்டு ஒயர் இழுக்கிறவர்தானே, கம்ப்யூட்டர் ஒயரையும் இழுத்துப்போடும் என்றார்கள். இழுத்தேன். அந்த ஒயருக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கும். அவற்றின் வரிசையை நிறத்தால் மனப்பாடம் செய்துகொண்டேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் வரிசையை மனதில் வைத்து வேலை பார்த்தவனுக்கு அது பெரிய காரியமில்லை.

நான் அடையாளம் கட்டாமல் விட்டது ஒரே ஒரு பொருளுக்கு.

எங்கள் ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுக்கும் இயந்திரம் இருக்கிறது. அந்தப் படத்தைப் படித்துச் சொல்லும் டாக்டர் இல்லை. அவர் திருநெல்வேலியில் இருக்கிறார். இங்கே எடுக்கும் படம் முதல் மாடியில் ஏசி அறைக்குள் இருக்கும் சர்வருக்கு வரும். சர்வர் என்பது முழங்கால் உயரத்தில் நிற்கும் ஒரு கறுப்புப் பெட்டி. பழைய பெட்டி. அது படத்தைத் திருநெல்வேலிக்கு அனுப்பும். அரைமணி நேரத்துக்குள் பதில் வந்துவிடும். பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு பச்சை அட்டை சொருகியிருக்கும். அதை நெட்வொர்க் கார்டு என்பார்கள். என் மஞ்சள் நூல் கட்டிய ஒயர் அந்தக் கார்டின் வாயில்தான் போய்ச் சேரும். அது வேலை செய்யாவிட்டால் படம் சர்வருக்கு வரவும் வராது, வெளியே போகவும் போகாது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தைய நாளே மேனேஜர் சொல்லியிருந்தார். அவசரக் கேஸ் பார்க்கும் இடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மதியம் இரண்டு மணிக்கு அணைத்து, துடைத்து, பொட்டு வைக்க வேண்டும். பூஜை முடிந்தால் மறுநாள் காலை மறுபூஜை போட்டுத்தான் திரும்ப இயக்க வேண்டும். ஊரில் தறிக்கூடங்களிலும் லேத் பட்டறைகளிலும் அப்படித்தான். பூஜையில் வைத்த கருவியை அன்று தொடக்கூடாது. ஸ்கேன் தேவைப்பட்டால் அந்த ஒரு ராத்திரி வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

மேனேஜர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். “சர்வரை மட்டும் யாரும் தொறக்காதீய. மேலாக்க ஒரு தொட தொடச்சி பொட்டு வச்சா போதும்.”

நான் திறந்தேன். வருடா வருடம் திறந்துகொண்டுதான் இருந்தேன், அவருக்குத் தெரியாது. தறியில் வேலை பார்த்தபோது பூஜைக்கு முன்னால் நூலைச் சுமந்து ஓடும் நாடாவைக் கழற்றி, ஒவ்வொரு ஆணியையும் துடைத்து, எண்ணெய் போட்டுத்தான் சாமி முன்னால் வைப்போம். மேலே மட்டும் துடைத்துப் பொட்டு வைப்பது என் கைக்கு ஒப்பாத வேலை. அதுவரை பெட்டிக்குள் ஊதுகுழாய் வைத்துத் தூசியை ஊதிவிடுவதோடு நிறுத்திக்கொள்வேன். அந்த வருடம் கார்டைச் சுற்றித் தூசி பஞ்சு மாதிரி படிந்திருந்தது. தறிக்கூடத்துப் பஞ்சு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒரு திருகாணியைக் கழற்றி, கார்டை வெளியே எடுத்தேன். அதன் அடியில் தங்க நிறத்தில் பல் மாதிரி வரிசை இருக்கும். அதை என் மகளின் அழிரப்பரால் தேய்த்தேன். பளிச்சென்று வந்தது. பெட்டியின் பின்புறம் காலி ஓட்டைகளை அடைத்திருந்த தகரப் பட்டைகளிலும் தூசி இருந்தது. அவற்றையும் கழற்றித் துடைத்தேன்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். உள்ளே கார்டு சொருகுவதற்கு ஒரே மாதிரி இரண்டு ஸ்லாட்டுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. ஒன்றில் சொருகினேன். சரியாக உட்கார்ந்தது. மூடியைப் போட்டு மேலே சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, கேந்திப் பூச்சரம் ஒன்றைச் சுற்றினேன்.

மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்னவே, பொண்ணு பாக்க வாராங்களா உம்ம சர்வரை? சேல மட்டுந்தான் பாக்கி.”

நானும் சிரித்தேன். பொரியும் கடலையும் தந்தார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தது நான்தான்.

மறுநாள் விஜயதசமி. காலை எட்டரைக்குத் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, ஒவ்வொரு இயந்திரமாகப் போட்டுக்கொண்டே வந்தேன். சர்வர் கிளம்பிவர எப்போதும் பன்னிரண்டு நிமிடம் ஆகும். திரை வந்தது. மூலையில் ஒயர் படம் போட்ட இடத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் முக்கோணம் தெரிந்தது. கிளம்பும்போது சில சமயம் அது வந்து போகும். போய்விடும் என்று நினைத்துக் கீழே இறங்கினேன்.

ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் ஒரு லோடு ஆட்டோ வாசலில் வந்து நின்றது. பின்னால் காலிச் சாக்குகளின் மேல் ஓர் ஆள் படுத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆட்டோ அவருடையது. அன்று அதை ஓட்டி வந்தது வேறு ஒருவர். படுத்திருந்தவரின் மனைவி அவர் தலையை மடியில் வைத்திருந்தார். புளியங்குடியில் எலுமிச்சை மண்டிக்கு லோடு ஏற்றுகிறவர்கள். காலை ஏழரைக்கு மூட்டையைத் தூக்கும்போது வலது கை பிடிக்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. பித்தம் என்று நினைத்து உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்திருக்கிறார்கள். அது வாயோரம் வழிந்த பிறகுதான் பயந்து கிளப்பியிருக்கிறார்கள். தள்ளுவண்டியில் தூக்கி வைக்க நானும் ஒரு கை கொடுத்தேன். வாசலில் இருக்கும் சரிவு கொஞ்சம் செங்குத்து. ஓர் ஆள் தள்ளினால் ஏறாது.

டூட்டி டாக்டர் மதுரைப் பக்கத்துப் பெண், சின்ன வயது. அவர் பார்த்த உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். அந்தம்மாவை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன்.

“அம்மா, மூளையில ரத்தக்குழாய் அடைச்சிருக்கலாம், இல்லன்னா வெடிச்சு ரத்தம் கசிஞ்சிருக்கலாம். அடைப்புன்னா ஒரு ஊசி இருக்கு. ஆரம்பிச்ச நேரத்துலருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதாவது பன்னெண்டு மணிக்குள்ள. கசிவா இருந்து அதே ஊசியப் போட்டா உயிருக்கே ஆபத்து. அதனால படத்தப் பாத்துத் திருநெல்வேலி டாக்டர் சொல்லணும்.”

“பன்னெண்டு மணிக்குள்ள போட்டுட்டா எந்திரிச்சிருவாகளா?”

“நெறைய பேரு எந்திரிச்சிருக்காங்க. உறுதியாச் சொல்ல முடியாது.”

ஒன்பதே இருபதுக்குப் படம் எடுத்து முடிந்தது. அனுப்பினார்கள். போகவில்லை.

மேனேஜர் மாடிக்கு ஓடினார். பின்னால் நானும் போனேன். மஞ்சள் முக்கோணம் அங்கேயே இருந்தது. திருநெல்வேலியில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் இன்ஜினியருக்கு மேனேஜர் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி மேஜை மேல் வைத்தார். இன்ஜினியர் முதலில் ஒயரைப் பார்க்கச் சொன்னார். நான் கழற்றி மாட்டினேன். வேறு ஒயர் போட்டும் பார்த்தேன். பிறகு அவர் சொல்லச் சொல்ல மேனேஜர் திரையில் எதையெதையோ திறந்து வாசித்தார்.

“டிரைவர் போயிருக்கும் சார்” என்றார் இன்ஜினியர். “டிரைவர்னா கார்டை இயக்குற புரோகிராம். அதுல ஏதோ கோளாறு. பெட்டிய யாராச்சும் தொறந்தீங்களா?”

மேனேஜர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எவன் தொறக்கப் போறான்? நேத்து பூஜைக்கு அணைச்சது. பொட்டு வச்சதோட சரி. தொறக்கக்கூடாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேம்லா?”

அப்போது மணி ஒன்பதே முக்கால். அறையில் மேனேஜர், ஸ்கேன் எடுக்கும் பெண், ரிசப்ஷனிலிருந்து ஏறி வந்த இருவர், நான். ‘நான் திறந்தேன்’ என்று சொல்ல இரண்டு சொல் போதும். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் கல்யாணத்திலேயே யார் என்ன கேட்டாலும் தலையைத்தான் ஆட்டினேன் என்று இன்றும் வீட்டில் கேலி பேசுவார்கள். ஆனால் அன்று நான் பேசாததற்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை. மேனேஜர் எனக்காகப் பதில் சொல்லிவிட்டார். அதை மறுத்தால் அவரையும் எல்லார் முன்னாலும் பொய்யராக்கியதாகும். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. துடைத்ததால் ஒன்றும் ஆகியிருக்காது, கார்டு நன்றாகத்தானே உட்கார்ந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்ஜினியர் டிரைவரை அழித்துத் திரும்பப் போடச் சொன்னார். போட்டுவிட்டு, பெட்டியை அணைத்துப் போட வேண்டும். பன்னிரண்டு நிமிடம். முக்கோணம் போகவில்லை. வேறொரு வழி சொன்னார். மறுபடி பன்னிரண்டு நிமிடம். இதற்கிடையில் டாக்டரம்மா ஸ்கேன் திரையைச் செல்போனில் படம் எடுத்துத் திருநெல்வேலி டாக்டருக்கு அனுப்பிப் பார்த்தார். போட்டோவில் தெளிவில்லை, இதை வைத்து நான் சொல்ல மாட்டேன், ஒழுங்காக அனுப்புங்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

பத்தேகாலுக்கு, ஒயரை மறுபடி பார்க்கச் சொன்னதால் பெட்டியின் பின்பக்கம் குனிந்தேன். மஞ்சள் நூல் ஒயர் எப்போதும் மின்சார ஒயருக்கு அடியில் வளைந்து போகும். அன்று அதற்கு மேலே ஏறிப் போயிருந்தது. கை வைத்துப் பார்த்தேன். கார்டின் வாய் மேலே இருந்தது. கீழே, கார்டு இத்தனை வருடம் இருந்த இடத்தில், நான் துடைத்து மாட்டிய தகரப் பட்டை மினுங்கிக்கொண்டிருந்தது.

இடம் மாறிச் சொருகியிருக்கிறேன். எனக்கு டிரைவர் தெரியாது. ஆனால் தறியில் ஒரு பாடம் உண்டு. துணியில் பிசகு விழுந்தால், கடைசியாக எங்கே கை வைத்தாயோ அங்கே போய்ப் பார். கடைசியாகக் கை வைத்தது நான். அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

நிமிர்ந்தேன். மேனேஜர் செல்போன் இணையத்தில் புது டிரைவர் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார். “யாரும் பெட்டியத் தொடாதீய” என்று போனிலிருந்து குரல் வந்தது. நான் தொடவில்லை. அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் கீழே இறங்கினேன். மாடிப்படியில் அந்தம்மா நின்றிருந்தார். சேலையில் எலுமிச்சை வாசம்.

“அண்ணாச்சி, நீங்க உள்ளூர் ஆளு மாதிரி தெரியுதீய. உங்களக் கேக்கேன். ஆளாளுக்குப் பத்து நிமிசம் பத்து நிமிசம்னு சொல்லுதாவ. நான் பேசாம திருநெவேலிக்குத் தூக்கிட்டுப் போயிரட்டுமா?”

பத்தரைகூட ஆகவில்லை. ஆம்புலன்ஸ் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். பன்னிரண்டு மணி. அங்கே போய் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். இதையெல்லாம் நான் அப்போது கணக்குப் பார்த்தேனா, பிறகு பார்த்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

“இப்ப வந்துரும்மா” என்றேன்.

“நெசமாவா?”

“இப்ப வந்துரும்.”

அவர் ஏறிட்டுப் பார்த்துவிட்டு நம்பிக்கையோடு திரும்பிப் போனார். அன்று காலையிலிருந்து நான் வாய் திறந்து பேசியது அந்த ஒரு பேச்சுதான்.

புது டிரைவர் அந்தப் பெட்டிக்கு ஒத்துவரவில்லை. திரை நீலமாக மாறி நின்றுவிட்டது. அதைச் சரி செய்யவே அரைமணி நேரம் போயிற்று. பதினொன்றே காலுக்கு டாக்டரம்மா மாடிக்கே வந்து கத்தினார். “சார், வருமா வராதா? வராதுன்னா இப்பவே சொல்லுங்க!” மேனேஜர் ஆம்புலன்ஸைத் தயாராக வைக்கச் சொல்லக் கீழே ஓடினார். ஸ்கேன் பெண்ணும் அவர் பின்னால் போய்விட்டாள். போனில் இன்ஜினியர் மட்டும் இருந்தார்.

“அங்கன யாரு இருக்கீங்க?”

“எலக்ட்ரீசியன்.”

“அண்ணாச்சி, பெட்டிய முழுசா அணைச்சி, பிளக்கப் புடுங்கிட்டு, அஞ்சு நிமிசம் விடுங்க. பெறகு போடுங்க. வாரேன்” என்று வைத்துவிட்டார்.

அறையில் யாரும் இல்லை. அந்த ஐந்து நிமிடத்தில் மூடியைக் கழற்றினேன். காய்ந்த சந்தனம் கையோடு உதிர்ந்தது. கார்டை மேலிருந்து எடுத்துக் கீழே சொருகினேன். தகரப் பட்டையை மேலே மாட்டினேன். இரண்டு நிமிட வேலை. மூடியைப் போட்டு, பிளக்கைச் சொருகினேன்.

பன்னிரண்டு நிமிடம் கழித்துத் திரை வந்தபோது முக்கோணம் இல்லை.

மேனேஜர் ஏறி வந்து பார்த்துவிட்டு என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “வந்துட்டுவே! ராசியான கைவே உம்ம கை!” போனில் இன்ஜினியர், “நான் அப்பவே சொன்னேம்லா, டிரைவர்தான். முழுசா அணைச்சதும் செட்டாயிட்டு” என்றார். மேனேஜர் மாடியிலிருந்தே கீழே நின்ற அந்தம்மாவிடம் கத்தினார். “கவலப்படாதீய, சரியாயிட்டு! இன்ஜினியருக்கே முடியாதத நம்ம அண்ணாச்சி முடிச்சிட்டாரு!”

அந்தம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பதினொன்றே முக்காலுக்குப் படம் போயிற்று. பன்னிரண்டு பத்துக்குப் பதில் வந்தது. அடைப்பு, கசிவு இல்லை. டாக்டரம்மா போனில் பேசிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்து நிமிஷம்தான் சார் ஆச்சு” என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அதற்குள் அந்த ஆளின் ரத்த அழுத்தமும் ஊசி போடக்கூடாத அளவுக்கு ஏறியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த ஊசி மருந்தை நர்ஸ் திரும்ப உள்ளே வைத்தார். ஆளை ஆம்புலன்ஸில் ஏற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். சரிவில் வண்டி உருண்டு போய்விடாமல் நான் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து இன்ஜினியர் நேரில் வந்தார். மீசை சரியாக முளைக்காத முகம். தனியாக உட்கார்ந்து சர்வரில் எதையோ படித்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, பெட்டி எல்லாத்தையும் நேரம் போட்டு எழுதி வச்சிருக்கும். விஜயதசமி அன்னைக்குக் காலையில, ‘புது கார்டு ஒண்ணு வந்திருக்கு’ன்னு எழுதியிருக்கு. பதினொண்ணரைக்கு, ‘பழைய கார்டு திரும்ப வந்துட்டு’ன்னு எழுதியிருக்கு. ஒவ்வொரு ஸ்லாட்டையும் அது தனி இடமா ஞாபகம் வச்சிக்கிடும். இடம் மாறினா அதே கார்டுன்னு அதுக்குத் தெரியாது, மத்த மெஷின்லாம் தேடி வார பழைய நம்பரக் கொடுக்காது. நீங்கதானா?”

தலையை ஆட்டினேன்.

அவர் திரையில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். “நானும் இதப் பாத்திருக்கணும். மொத அஞ்சு நிமிசத்துல பாத்திருக்கணும். மேனேஜர் தொறக்கலன்னு சொன்னதும் நம்பிட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “வெளிய சொல்லாதீய. உங்களுக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல.”

நானும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆள் பிழைத்துக்கொண்டார். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரு மாதம் கழித்துச் சக்கர நாற்காலியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கே உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டி வந்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் வருவார்கள். ஆட்டோவை விற்றுவிட்டார்கள்; பஸ்ஸில் வந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தம்மாவே தள்ளிக்கொண்டு வருவார். சரிவுக்கு வந்ததும், “அண்ணாச்சி!” என்று ஒரு குரல். நான் எங்கே இருந்தாலும் போய்ப் பிடித்து மேலே ஏற்றுவேன். ஏறி முடித்ததும் நாற்காலிப் பிடியில் தொங்கும் மஞ்சள் பையிலிருந்து பத்துப் பன்னிரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்து என் கையில் வைப்பார். அந்தம்மா இப்போது மண்டியில் பழம் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறார்.

“வேண்டாம்மா.”

“சும்மா வையிங்க. அன்னைக்கு எல்லாரும் கைய விரிச்சப்ப நீங்க ஒருத்தராவது ஓடுனீயளே.”

வீட்டில் ஊறுகாய் போட்டார்கள். ஜாடிகள் நிறைந்தன. எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி நான் தொடவில்லை.

ஒருமுறை டாக்டரம்மாவிடம், அன்றைக்கு நேரத்துக்கு ஊசி போட்டிருந்தால் அவர் நடந்திருப்பாரா என்று கேட்டேன். “சொல்ல முடியாதுண்ணா. போட்டும் சரியாகாதவங்க நெறைய இருக்காங்க” என்றார். அந்தப் பேச்சைப் பல மாதம் பிடித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி படுக்கும்போது அதைச் சொல்லிக்கொள்வேன். ஆனால் டாக்டரம்மா சொன்ன இன்னொரு பேச்சும் எனக்குத் தெரியும். நிறையப் பேர் எழுந்திருக்கிறார்கள்.

மறுபடி ஆயுத பூஜை வந்தது. மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு வேலை பிரித்தார். “சர்வரை நம்ம அண்ணாச்சி பாத்துக்கிடட்டும். அவரு கைக்குத்தான் அது அடங்கும்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று செவ்வாய்க்கிழமை.

சிகிச்சை முடிந்து அவர்கள் வெளியே வரும்வரை காத்திருந்தேன். தாழ்வாரத்தில் வேறு யாரும் இல்லை. அந்தம்மா பெஞ்சில் உட்கார்ந்து பழங்களைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அவர் புருஷன் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா” என்றேன்.

“சொல்லுங்க அண்ணாச்சி.”

சொன்னேன். கார்டைக் கழற்றியதை, அழிரப்பரால் தேய்த்ததை, இடம் மாறிச் சொருகியதை, இன்ஜினியர் கேட்டபோது பேசாமல் நின்றதை. கோர்வையாக வரவில்லை. முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. முடித்த பிறகு அந்தம்மா கேட்டார்.

“உங்களுக்கு எத்தன மணிக்குத் தெரிஞ்சுது?”

“பத்தேகாலு.”

“அதுக்குப் பெறகுதான மாடிப்படியில உங்களப் பாத்தேன்?”

“ஆமா.”

“திருநெவேலிக்குத் தூக்கிட்டுப் போயிரட்டுமான்னு கேட்டேம்லா?”

“கேட்டீய.”

“நீங்க என்ன சொன்னீய?”

அவரே சொன்னார். “இப்ப வந்துரும்னு சொன்னீய. ரெண்டு மட்டம் சொன்னீய.”

கையில் இருந்த பழங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் போட்டார். கோபமாகக்கூடப் போடவில்லை.

“இத எதுக்கு இப்ப எங்கிட்ட சொல்லுதீய? உங்க பாரத்த எறக்கி வைக்கவா? இந்த ஒரு வருசமா, எல்லாரும் கைவிட்டாலும் ஒரு மனுசனாவது நமக்காவ ஓடுனாருன்னு நெனச்சித்தான் இந்தச் சரிவுல ஏறிட்டு இருந்தேன். அதையும் எடுத்துட்டீயளே.”



அவர் பையை வழக்கம்போல நாற்காலிப் பிடியில் மாட்டவில்லை. பெஞ்சிலேயே விட்டுவிட்டு எழுந்தார். எனக்காக விட்டாரா, மறந்து விட்டாரா தெரியவில்லை. அப்போதுதான் நாங்கள் இருவரும் மறந்துபோயிருந்த ஆள் அசைந்தார். எல்லாரும் அவர் தலைக்கு மேலேயே பேசிப் பழகியிருந்தோம். பேச்சு போய்விட்டதே தவிர, காது கேட்கும் என்று டாக்டரம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த ஆள் என்னைப் பார்க்கவில்லை. இடது கையை நீட்டி, பெஞ்சின் ஓரத்தைத் தடவி, பையின் காதைப் பிடித்தார். கனம் தாங்காமல் ஒரு தடவை நழுவியது. மறுபடி பிடித்து, இழுத்து, மடியில் வைத்துக்கொண்டார். அதன் மேல் கையை வைத்து அமுக்கிக்கொண்டார்.

அந்தம்மா நாற்காலியைத் திருப்பினார். சரிவு வரை நான் பின்னாலேயே போனேன். கை நீட்டவில்லை.

அந்த வருடம் சர்வரை நான் திறக்கவில்லை. மேலே மட்டும் துடைத்துப் பொட்டு வைத்தேன். மறுநாள் படம் போயிற்று.

அவர்கள் இன்னும் செவ்வாயும் வெள்ளியும் வருகிறார்கள். வேறு இடத்தில் இந்தச் சிகிச்சை இல்லை, வந்துதான் ஆக வேண்டும். ஸ்விட்ச் பெட்டி மாட்டியிருக்கும் அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் சரிவு தெரியும். அந்தம்மா நாற்காலியை ஓரத்தில் நிறுத்திவிட்டு, ரோட்டில் போகிற யாரையாவது கூப்பிடுவார். யாரும் கிடைக்காவிட்டால் தனியாகவே தள்ளுவார். பாதி ஏறியதும் சக்கரத்துக்குப் பின்னால் தன் காலைக் கொடுத்து நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தள்ளுவார். ஏறிவிடுகிறார்.